அர்ஸி கீமியா

சன்னல் வழியே நுழைந்த வெயில் கட்டிலின் கால்மாட்டைத் தொடும் வேளையில், நாள்தோறும், அவர் மனைவியின் முகத்தை நோக்கி ஒரு வினாவைத் தொடுத்தார். அது வினா என்பது மட்டுமே அவளுக்கு விளங்கியது. தாழ்ந்த குரலில் தொடங்கி, நடுவே சற்றுத் தயங்கி, இறுதியில் மேலெழுந்து நின்றது அந்த வாக்கியம். கேட்டு முடித்தபின் புருவத்தை உயர்த்தியபடி விடைக்குக் காத்திருந்தார். என்ன கேட்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கேட்டது உருது மொழியில். இருவர் தலையும் நரைக்குமளவு நீண்ட இல்லறத்தில், கணவரின் தாய்மொழியை அவள் கற்றிருக்கவில்லை.

“இருங்க, வரேன்” என்று சொல்லிவிட்டு அவள் மேசைமீதிருந்த தட்டை எடுத்து வருவாள். தட்டில் கற்கள் இருந்தன.

நோய் அவரைத் தாக்கியது ஆய்வுக்கூடத்தின் வாசற்படியில். மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் ஒன்று அடைபட்டு, வலக்கையும் வலக்காலும் துவண்டன. அவற்றோடு இரு மொழிகளும் போயின. படித்த மொழியாகிய ஆங்கிலம் போயிற்று. பாடம் சொல்லி, காதலித்து, ஊடி, மகளைத் தாலாட்டி வாழ்ந்த தமிழும் போயிற்று. பெருவெள்ளம் ஊரை மூழ்கடித்தபின் குன்றின் உச்சி மட்டும் தெரிவதுபோல, பிள்ளைப் பருவத்து மொழி ஒன்றே நீருக்கு மேலே நின்றது. அதுவும் குழறலாகவே வந்தது. எல்லாருக்கும் இப்படி நேர்வதில்லை என்றும், சிலருக்கு இப்படி நேர்வதுண்டு என்றும் மருத்துவர் விளக்கினார். வீட்டுக்கு அனுப்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

“காலைல கொஞ்ச நேரம்தாம்மா அவருக்குத் தெளிவா இருக்கும். அப்புறம் களைச்சுப் போயிடுவாரு. அந்த நேரத்தை வீணாக்காதீங்க. அவர் பாஷை தெரிஞ்ச சொந்தக்காரங்க யாராவது இருந்தா கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வைங்க.”

சொந்தக்காரி ஒருத்தி இருந்தாள். அவரது தங்கை. பேருந்தில் ஏறினால் மாலைக்குள் வந்து சேர்ந்துவிடக்கூடிய தொலைவில், தையற்கடை வைத்திருந்தாள். மருத்துவரிடம் மனைவி தலையை ஆட்டினாள். ஆனால் தங்கையை அழைக்கவில்லை.

கணவனும் மனைவியும் ஒரே ஆய்வுக்கூடத்தில் புவிவேதியியல் பயின்றவர்கள். கல்லிலும் மண்ணிலும் கிணற்று நீரிலும் எந்தத் தனிமம் எவ்வளவு கலந்திருக்கிறது, அது எந்த மலையிலிருந்து எந்த வழியே வந்தது என்று தேர்ந்து சொல்லும் கலை அது. அவர் வெயிலில் அலைந்து பாறையை உடைத்துக் கொணர்வார். இவள் அதைப் பொடித்து, சலித்து, உலர்த்தி, நிறுத்து, அளந்து சொல்வாள். ஐம்பெரும் பூதங்களுள் நிலத்தை அவர் தொழுதார் என்றால், நிலத்தின் கணக்கை இவள் தொழுதாள். கூடத்தில் வேலை பார்த்தவர்கள் அவரைப் ‘பாறை ஐயா’ என்றும் இவளைத் ‘தராசம்மா’ என்றும் பெயரிட்டழைத்தார்கள். பெயர் முதுகுக்குப் பின்னால் பிறந்ததுதான். ஆனால் கேட்ட நாள்முதல் அவரே அவளைத் ‘தராசு’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டமையால், ஒளித்துச் சொல்ல வேண்டிய தேவை எவர்க்கும் இல்லாமற் போயிற்று.

தராசம்மாவுக்கு அளவையில் இரு நெறிகள் இருந்தன. அவற்றை அவள் மறைமொழிபோலப் பேணினாள். ஒன்று, அறியாத பொருளை அளக்குமுன் அறிந்த பொருளை அளக்க வேண்டும். இன்ன தனிமம் இவ்வளவு என்று முன்பே உறுதி செய்யப்பட்ட பொடி ஒன்று குப்பியில் இருக்கும். கருவி அதைச் சரியாகச் சொன்னால்தான் புதுக்கல்லை அதனிடம் கொடுக்கலாம். மற்றொன்று, தராசின் முள் அசைந்துகொண்டிருக்கும்போது எண்ணைக் குறிக்கக் கூடாது. அது நின்றபின்பே குறிக்க வேண்டும். இவ்விரு நெறிகளால் அவள் அளவுகளை ஊர் நம்பியது. ஆய்வுக்கூடத்தில் எவரும் அவளிடம் தவறு கண்டதில்லை.

தங்கையின் கதை வேறு. அண்ணனுக்கு மணமான புதிதில் அவள் அந்த வீட்டில் சில நாள் தங்கியிருக்க வந்தாள். வந்த நாள்முதல் அண்ணனும் தங்கையும் அடுப்படியில் நின்று தம் மொழியில் பேசிச் சிரித்தார்கள். ஒருவர் சொல்லத் தொடங்கியதை மற்றவர் முடித்தார். முடிக்குமுன்பே இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தராசம்மா குழம்பைக் கிளறியபடி புன்னகையோடு நின்றாள். என்ன என்று கேட்டால், கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைத் தமிழில் சொன்னால் சிரிப்பு வராது என்றார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவள் குரலை உயர்த்தாமலே சொன்னாள்: “இந்த வீட்டுல எல்லாருக்கும் புரியுற பாஷையில பேசுங்களேன்.”

தங்கை அவளை ஒருகணம் பார்த்தாள். “எல்லாருக்கும்னா யாருக்கு அண்ணி? மூணு பேருல ரெண்டு பேருக்குப் புரியுதே.”

மறுநாள் காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்; பிறகு அந்த வீட்டின் வாசலை மிதிக்கவில்லை. அவரோ மனைவியை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அவள் கேட்டதை நோய் வரும்வரை நிறைவேற்றினார். தங்கையோடு பேச வேண்டுமென்றால் ஆய்வுக்கூடத்தின் பின்கட்டில், உலர்த்தும் அடுப்பின் அருகே நின்று பேசிவிட்டு வருவார். வீட்டுக்குள் தூக்கத்திலும் அந்த மொழி அவர் வாயிலிருந்து வந்ததில்லை. மகளும் அதை அறியாமலே வளர்ந்தாள். தான் அன்று சொன்னதை அவர் மறந்துவிட்டார் என்றே தராசம்மா நம்பியிருந்தாள். இப்போது அவரிடம் எஞ்சியிருந்தது, அவள் வீட்டைவிட்டு வெளியேற்றிய அந்த மொழி ஒன்றுதான்.

தொலைவில் மணமாகிப் போயிருந்த மகள் நாள்தோறும் அழைத்தாள். தன்னிடம் அத்தையின் எண் இருப்பதாகச் சொன்னாள். தானே பேசட்டுமா என்று கேட்டாள். தராசம்மா வேண்டாமென்றாள். இப்படியொரு நிலையில்தானா அவளை அழைப்பது, தேவை வந்ததும் கதவைத் திறந்தார்கள் என்று நினைக்க மாட்டாளா என்றாள். மகள், “நினைச்சா நினைக்கட்டுமேம்மா. அப்பா என்னமோ கேக்குறாருல்ல?” என்றாள். வழி ஒன்று கண்டிருப்பதாகத் தராசம்மா விடை சொன்னாள்.

அவள் கண்ட வழி கைப்பேசியில் இருந்தது. ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் அதன் உருதுப் பொருளைச் சொல்லும் பக்கம் ஒன்று அதில் கிடைத்தது. எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆயினும் ஓரத்திலிருந்த குறியைத் தொட்டால் ஒரு பெண்குரல் அச்சொல்லை ஒலித்துக் காட்டியது. முதலில் அவள் கைப்பேசியை அவர் வாயருகே பிடித்து, அவர் கேட்டதை அதுவே பெயர்க்கட்டும் என்று பார்த்தாள். குழறலைக் கேட்ட பொறி, தானியச் சந்தையின் விலைநிலவரம்போல் ஏதோ உளறிற்று. அறிந்த பொடியை அளக்காத கருவி வேறென்ன சொல்லும் என்று அவள் எண்ணினாள். ஆகவே தனக்கும் அவருக்கும் பொதுவாக எது உறுதியோ அதிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தாள். சோறும் நீரும் உறக்கமும் உலகத்தார்க்கெல்லாம் பொது; தங்கள் இருவருக்குமே உரியது கல்லும் மண்ணும் அல்லவா?

முதல் நாள் அவள் தட்டிய சொல் புவிவேதியியல். பெண்குரல் ‘அர்ஸி கீமியா’ என்றது. ‘அர்ஸ்’ நிலம், ‘கீமியா’ வேதியியல் என்று தேடித் தெரிந்துகொண்டாள். தெரிந்ததும் அவள் மனம், பழம்பாடலொன்றில் விளங்காதிருந்த தொடர் சட்டென்று விளங்கியதுபோல் மகிழ்ந்தது. அவள் நாள்தோறும் நீராடியபின் இறைவனைப் பாடும் பழக்கம் உள்ளவள். சொற்பொருளில் அவளுக்குத் தனிச்சுவை உண்டு. காலை வெயில் கட்டிலைத் தொட்டது. அவர் வழக்கமான வினாவைக் கேட்டார். அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டு, “அர்ஸி கீமியா” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். முதல் வகுப்பில் வந்தமர்ந்த மாணவன் ஆசிரியரைப் பார்ப்பதுபோல, மரியாதையும் குழப்பமும் கலந்த பார்வை. அவள் மறுபடியும் சொன்னாள். அவர் உதட்டைக் கோணியபடி, “அர்... ஸி” என்றார். நோயின் கொடுமை, தம் தொழிலின் பெயரே இவருக்கு மறந்துபோயிற்றே என்று அவள் நெஞ்சு வெதும்பியது. மறந்ததை மீட்டுத் தருவதே தன் கடன் என்று கொண்டாள்.

அன்றுமுதல் காலை வேளை கற்களின் வேளையாயிற்று. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவாள். கல்லுக்குப் ‘பத்தர்’ என்று அவர் உடனே சொன்னார். மண்ணுக்கு ‘மிட்டி’, நீருக்குப் ‘பானி’, மணலுக்கு ‘ரேத்’. இவை தடையின்றி வந்தன. கந்தகத்துக்குக் ‘கந்தக்’ என்று கேட்டபோது அவளே சிரித்தாள். வேறு சில கடினமாக இருந்தன. ஆற்றடியில் படியும் வண்டலுக்கு ‘ரசூப்’ என்றது பக்கம். அதை அவர் வாயில் கொண்டுவர ஒரு வாரம் பிடித்தது. கனிமங்களைப் பற்றிய ‘மாதனியாத்’ இன்னும் அதிகம் பிடித்தது. நிலவியலுக்கு ‘அர்ஸியாத்’. ஒரு சொல் பிடிபட்டதும் அடுத்ததற்குப் போனாள். அவர் வியர்த்தார். அவள் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, “இன்னொரு தடவை” என்றாள். களைப்பு வந்து கண்கள் செருகும்வரை சொன்னார். களைத்தபின் வந்த பகற்பொழுதில் அவரிடமிருந்து எந்த ஓசையும் வருவதில்லை.

பேச்சுப் பயிற்சி தருவதற்கு வாரந்தோறும் ஓர் இளம்பெண் வந்தாள். அவளுக்கு உருது தெரியாது. வாயையும் நாவையும் அசைக்கும் முறைகளை மட்டும் கற்றுக்கொடுத்தாள். கற்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்ததைக் கண்டு வியந்தாள். பிறகு, ஐயா தாமாக ஏதேனும் பேசுகிறாரா என்று விசாரித்தாள். காலையில் ஒரு வினா கேட்கிறார் என்று தராசம்மா சொன்னாள்.

“அதைப் போன்ல பதிவு பண்ணி வெச்சிருக்கீங்களாம்மா?”

“இன்னும் குழறல் இருக்கு. கொஞ்சம் தெளியட்டும்.”

“தெளிஞ்சுட்டா அப்புறம் பதிவு எதுக்குங்க? நேராவே கேட்டுக்கலாமே.”

தராசம்மா புன்னகைத்தாள். முள் அசையும்போது எண்ணைக் குறிப்பவர்கள் அவளுக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் அப்படிப்பட்டவர்களைப் பலமுறை கண்டித்திருக்கிறாள். நாலு சொல் உறுதியாக நின்றால் அவற்றைப் பற்றிக்கொண்டு அந்த வாக்கியத்துக்குள் இறங்கிவிடலாம் என்பதே அவள் திட்டம். வினா எங்கே போய்விடப் போகிறது? நாள்தோறும்தான் கேட்கிறாரே.

ஒருநாள் அவள் தட்டிய சொல், எடையால் வேறுபட்டாலும் தனிமங்களின் அட்டவணையில் ஒரே கட்டத்தில் அமரும் அணுக்களைக் குறிப்பது. தமிழில் அதனை ஓரிடத்தான் என்பர். பக்கம் அதற்கு ‘ஹம்ஜா’ என்றது. ‘ஹம்’ ஒன்றான, ‘ஜா’ இடம். ஒருவரையொருவர் அறியாமல் இரு மொழிப் புலவரும் ஒரே சொல்லைச் செதுக்கி வைத்திருக்கிறார்களே என்று அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எடை வேறு, இடம் ஒன்று. அவரிடம் அதைத் தமிழில் விளக்கிச் சொன்னாள். புரியாது என்று தெரிந்தும் சொன்னாள். “நாமதாங்க அது” என்றாள். அவர் “ஹம்ஜா, ஹம்ஜா” என்று பாடம்போலத் திருப்பிச் சொன்னார். பிறகு அவள் கண்ணில் நீர் நிற்பதைக் கண்டு, இடக்கையை மெல்ல உயர்த்தி அவள் கன்னத்தில் வைத்து, அந்த வினாவைக் கேட்டார். என்றுமில்லாத மென்மையோடு கேட்டார். தயங்கும் இடத்தில் வழக்கத்தைவிட நீளத் தயங்கினார்.

“இருங்க, இன்னும் ரெண்டு கல்லு இருக்கு. முடிச்சுடலாம்” என்றாள் தராசம்மா.

அவர் கையை எடுத்துக்கொண்டார். இரண்டு கற்களுக்கும் பெயர் சொன்னார்.

அடுத்த நாள் வெயில் கட்டிலைத் தொட்டபோது அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் தட்டைக் கொணருமுன்பே அவர் பார்வை மேசைமீது போய் நின்றது. அவள் உவந்து, கவனம் கூடியிருக்கிறது, முள் நிலைகொள்கிறது என்று மகளிடம் சொன்னாள். அதற்கடுத்த நாளும் அவர் கேட்கவில்லை. கற்களைக் காட்டினால் சொன்னார்; காட்டாவிட்டால் வாளாவிருந்தார். நீர் வேண்டுமென்றுகூடக் கேட்கவில்லை. உதடு காய்ந்து கிடந்தது. குவளையைக் காட்டியபோது, குடிக்க வாய் திறவாமல் “பானி” என்று பெயர் சொல்லிவிட்டு, சரிதானா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டபின்தான் தராசம்மா மருத்துவருக்குச் சொல்லியனுப்பினாள்.

மருத்துவர் வந்து பார்த்தார். உறக்கத்தில் இன்னொரு சிறு அடைப்பு நேர்ந்திருக்கக்கூடும் என்றார். பேச்சைத் தாமாகத் தொடங்கும் ஆற்றல் குறைந்திருக்கிறது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். யாரையாவது வரவழைத்தீர்களா என்று கேட்டார். அன்று மதியமே அவள் மகளிடம் எண்ணை வாங்கித் தங்கையை அழைத்தாள். நடந்தது முழுவதையும் ஆய்வறிக்கை வாசிப்பதுபோல் ஒழுங்காகச் சொல்லி முடித்தாள். மறுமுனையில் தையல் இயந்திரம் நின்ற ஓசை கேட்டது. எவ்வளவு காலமாக இப்படி என்று மட்டும் தங்கை கேட்டாள். கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வெயிலோடு அவள் வந்து சேர்ந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. எடுத்துவைக்க மறந்து பேருந்து ஏறியிருக்கிறாள். இருவரும் ஒருவர் நரையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் நின்று சண்டையோ சமாதானமோ பேச நேரமில்லாமல் தங்கை நேரே அறைக்குள் போனாள். கட்டிலில் அமர்ந்து, “பாய்ஜான்” என்றாள். அண்ணனை அவர்கள் மொழியில் அழைக்கும் சொல் அது. அதன்பின் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள்.

அவர் தங்கையின் முகத்தை உற்று நோக்கினார். ஏதோ ஒன்று உள்ளேயிருந்து கிளம்பி மேலே வர முயன்றதுபோல் தொண்டை அசைந்தது. பின்பு அவர் இடக்கை மேசைப் பக்கம் நீண்டது. தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவளிடம் காட்டி, “பத்தர்” என்றார். வண்டல்மண் குப்பியை எடுத்து, “ரசூப்” என்றார். “மாதனியாத். அர்ஸி கீமியா. ஹம்ஜா” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, சரிதானா என்று தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

தங்கை முதலில் சிரித்தாள். பிறகு அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். “என்ன அண்ணி இது? என்ன சொல்றாரு?”

“உங்க பாஷைதான்மா. எங்க வேலைக்கு உள்ள வார்த்தைங்க. மறந்துட்டாரு. நான்தான் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன்.”

“எங்க பாஷையா?” தங்கை குப்பியை வாங்கிப் பார்த்தாள். “பத்தர் எங்களது. மிட்டி, பானி எங்களது. இந்த ரசூப்னா என்ன? எனக்கே தெரியலையே.”

“வண்டல்.”

“எங்க அம்மா அடுப்படியில வண்டலை வறுத்துக்கிட்டா பேசிக்கிட்டு இருந்தாங்க, அண்ணி? பாய்ஜான் பள்ளிக்கூடம் படிச்சது தமிழ்ல. காலேஜ் இங்கிலீஷ்ல. எங்க பாஷை அவருக்கு வீட்டுல பேசினதோட சரி. வா, சாப்பிடு, தூங்கு, அடி வாங்கப்போற, அவ்வளவுதான். இந்தப் பெரிய பெரிய வார்த்தையெல்லாம் அவர் எப்போ கேட்டாரு, மறந்து போறதுக்கு?”

தராசம்மாவுக்கு இப்போது விளங்கியது. அறிந்த பொடி என்று தான் நம்பி நாள்தோறும் கருவியில் இட்டது அவர் என்றுமே அறியாத பொடி. மறந்ததை மீட்கிறேன் என்று எண்ணி, அந்நியச் சொற்களை அவர் வாயில் புதிதாகத் திணித்திருக்கிறாள். அவரும், இவள் விரும்பிக் கேட்கிறாளே என்று, தமக்கு எஞ்சியிருந்த காலைப்பொழுதுகளையெல்லாம் செலவிட்டு அவற்றைக் கற்றுக்கொண்டிருக்கிறார். முதல் நாள் அவர் முகத்தில் தெரிந்தது மறதியன்று. புதுப்பாடம் கேட்கும் மாணவனின் குழப்பமே. கிடைத்த மாதிரி சிறியது. அது முழுவதையும் கருவியைச் சோதிப்பதிலேயே தீர்த்துவிட்டாள்.

தங்கைக்கு இவை எவையும் சொல்லப்படவில்லை. ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்து அவள் குரல் தணிந்தது. “மூக்கைத் தொடத் தலையைச் சுத்துவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க ஊரையே சுத்தியிருக்கீங்க. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே.”

“போட்டிருக்கலாம்” என்றாள் தராசம்மா.

அதற்கு மேல் தங்கை குத்திக்காட்டவில்லை. தட்டை எடுத்துச் சன்னலுக்கு வெளியே இருந்த மேடையில் வைத்துவிட்டு, அண்ணனுக்கு அருகே நெருங்கி அமர்ந்து பேசத் தொடங்கினாள். வெயில் கட்டிலைக் கடந்து சுவரேறும்வரை பேசினாள். அந்த மொழி அந்த வீட்டில் அத்தனை காலத்துக்குப்பின் ஒலித்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அவர் வாயின் ஒரு பாதி சிரித்தது. ஓரிடத்தில் கண்ணோரம் நனைந்தது. ஆனால் விடையாக ஒரு சொல்லும் வரவில்லை. தங்கை நிறுத்திய போதெல்லாம் அவர் கை, கல் இருந்த மேசையைத் தடவிப் பார்த்தது.

அவர் உறங்கியபின் இரு பெண்களும் அடுப்படிக்கு வந்தார்கள். முன்பு சிரிப்பு எழுந்த அதே அடுப்படி. தங்கை நீர் அருந்திவிட்டு, அண்ணன் காலையில் ஏதோ கேட்பதுண்டு என்று தொலைபேசியில் சொன்னீர்களே, அது என்ன என்று வினவினாள். எப்படிச் சொன்னாரோ அப்படியே சொன்னால் போதும், தான் கண்டுபிடித்துவிடுவதாகச் சொன்னாள்.

தராசம்மா வாய் திறந்தாள். எத்தனையோ ஆண்டுக்கு முன் ஏதோவொரு கிணற்று நீரில் இரும்பு எவ்வளவு இருந்தது என்பதைப் பின்னத்தோடு சொல்லக்கூடியவள் அவள். நாள்தோறும் தன் காதருகே கேட்ட வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லும் அவள் நினைவில் எழவில்லை. முள் நிற்கட்டும் என்று ஒதுக்கிவைத்ததை மனமும் ஒதுக்கியே வைத்திருந்தது. ‘ரசூப்’ வந்தது. ‘மாதனியாத்’ வந்தது. அவர் கேட்டது வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலைகளை நினைத்துப் பார்த்தாள். பாட்டைப் பாடிப் பழகியவளுக்குச் சொல் போனாலும் பண் எஞ்சும். அவ்வாறு ஓர் இசை மட்டும் எஞ்சியிருந்தது. தாழத் தொடங்கி, நடுவே தயங்கி, இறுதியில் மேலெழும் இசை. அதை அவள் வாய்மூடி முணுமுணுத்துக் காட்டினாள்.

தங்கை தலையைச் சாய்த்துக் கேட்டாள். மறுபடியும் முணுமுணுக்கச் சொன்னாள். பிறகு, “கானா கா லியா?” என்றாள். “சாப்பிட்டியான்னு கேட்டிருப்பாரு. அம்மா எங்களைக் கேக்குற மாதிரி.”

“இருக்கலாம். அந்த இசைதான்.”

“தக் கயீ ஹோ? களைச்சுப் போயிட்டியான்னு அர்த்தம்.”

“அதுவும்... அப்படித்தான் இருந்துச்சு.”

“கர் சலேன்? வீட்டுக்குப் போகலாமா. ஆஸ்பத்திரின்னு நினைச்சிருப்பாரோ என்னவோ.”

தராசம்மா அதற்கும் தலையசைத்தாள். தங்கை கழுத்திலிருந்த நாடாவை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

“நாராஸ் ஹோ?”

“அப்படின்னா?”

“என் மேல கோபமா.”

நான்கும் அந்த இசைக்குள் அடங்கின. நடுவில் தயங்குவதற்கு நான்கிலும் இடம் இருந்தது. எது என்று உறுதி சொல்லக்கூடியவர் ஒருவரே. அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார். ஒருமுறை கைப்பேசியில் பதிந்திருந்தால், குழறலோடு பதிந்திருந்தாலும், இந்தத் தங்கை அரைநொடியில் சொல்லியிருப்பாள். கண் கெட்ட பிறகு என்று தொடங்கும் பழமொழி தராசம்மாவின் நாவில் வந்து, முடியாமல் நின்றது. அவள் நான்கு வாக்கியங்களையும் தனக்குச் சொல்லித் தரும்படி தங்கையிடம் கேட்டாள். தங்கை ஒவ்வொன்றையும் சொன்னாள். அண்ணி பிழையாகச் சொல்லும்போது சிரிக்காமல் திருத்தினாள். அன்று மாலை முழுதும் அடுப்படியில் அந்தப் பாடம் நடந்தது. இடையே ஒருமுறை, “அங்க இல்ல பாபி, இங்க மூச்சு விடணும்” என்றாள். அண்ணியைப் பாபி என்று அவர்கள் அழைப்பது வழக்கம். முன்பு அந்த வீட்டில் அவள் அப்படி அழைத்ததில்லை, தமிழிலேயே அழைத்தாள். இப்போது மாறியதை இருவரும் கவனித்தார்கள்.

மறுநாள் வெயில் கட்டிலைத் தொட்டது. மேசையில் கற்கள் இல்லை. அவர் பார்வை அவற்றைத் தேடிவிட்டு மனைவியிடம் வந்தது. தராசம்மா அவர் இடக்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கேட்கவேண்டியவர் கேட்காததால், கேள்வியையும் அவளே கேட்க வேண்டியிருந்தது. அவர் மொழியில் கேட்டாள். தன் மொழியில் விடை சொன்னாள்.

“கானா கா லியா? சாப்பிட்டேங்க.”

அவர் தலையசைத்தார்.

“தக் கயீ ஹோ? இல்லைங்க, களைப்பு ஒண்ணுமில்ல.”

அவர் தலையசைத்தார்.

“கர் சலேன்? இதுதாங்க நம்ம வீடு. வந்தாச்சு.”

அவர் தலையசைத்தார். நான்காவதைக் கேட்குமுன் அவள் குரல் நின்றது. கதவருகே நின்ற தங்கை உதட்டை அசைத்து எடுத்துக்கொடுத்தாள்.

“நாராஸ் ஹோ? கோபமில்லைங்க. உங்க மேல எனக்கு என்னங்க கோபம்?”

முன்னவற்றுக்கு அசைத்ததுபோலவே இதற்கும், கூடாமல் குறையாமல், பாடத்தை ஒப்புக்கொள்ளும் மாணவனாக அவர் தலையசைத்தார். நான்கு மாதிரிகளுக்கும் ஒரே அளவைக் காட்டும் கருவியைத் தராசம்மா ஒருநாளும் நம்பியதில்லை. அவர் கையை விடாமல், முதல் வாக்கியத்திலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.